கே-பாப் மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் எந்நேரமும் கே-பாப் (கொரிய பாப் இசை) கேட்கிறார்களே என்று கவலைப்படும் பெற்றோர் ஒரு பக்கம், தங்களுக்குப் பிடித்த குழுவைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னாலும் தாங்காத ரசிகர்கள் இன்னொரு பக்கம். ஆனால் இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். நானும் பல வருட ரசிகைதான், அதனால்தான் எதையும் மூடி மறைக்காமல் எழுத நினைக்கிறேன். என்னைக் கேட்டால், இங்கே வரும் பெரும்பாலான பிரச்சினைகளுக்கு அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: பதின்ம வயதில் கையெழுத்துப் போடும் ஒரு பிள்ளைக்கு, அந்த ஒப்பந்தத்தின் முன்னால் பேரம் பேசும் பலம் கிடையாது. மாற்றம் வந்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் நீதிமன்றம் போயிருக்கிறார், அல்லது சட்டத்தை மாற்ற வைத்திருக்கிறார்.

டிரெய்னி என்றால் யார்? அவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

ஆடிஷனில் தேறி, இன்னும் மேடை ஏறாமல் கம்பெனியில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள்தான் டிரெய்னிகள். பாட்டு, நடனம், கேமரா முன் எப்படி நிற்பது, வெளிநாட்டு மொழி, வெளிநாட்டுப் பிள்ளை என்றால் கொரிய மொழி, எல்லாம் சொல்லித் தருவார்கள். பள்ளி முடிந்ததும் பயிற்சி அறைக்குப் போய் இரவு வரை அங்கேயே இருப்பது சாதாரணம். அவ்வப்போது தேர்வு வைத்து, தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எஸ்எம் நிறுவனத்தின் லீ சூ-மான் 1996-ல் எச்ஓடி குழுவைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த முறை வளர்ந்து வந்திருக்கிறது. இன்றைக்கு எல்லாக் கம்பெனிகளும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

எத்தனை வருடம் என்பதற்குக் கணக்கு இல்லை. ட்வைஸ் குழுவின் ஜிஹ்யோ பத்து வருடம் டிரெய்னியாக இருந்த பிறகுதான் 2015-ல் டெபியூ ஆனார், அதாவது முதல்முறையாக மேடை ஏறினார். அவர் ஜெயித்தார், அதனால் அந்தப் பத்து வருடத்தை விடாமுயற்சிக் கதையாகச் சொல்கிறோம். டெபியூ ஆகாமலே வெளியேறியவர்கள்தான் அதிகம், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. வெளியேறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. டிரெய்னி தன் தவறால் ஒப்பந்தத்தை முறித்தால், அவர் மேல் செலவழித்த பணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று பல கம்பெனிகள் எழுதி வைத்திருந்தன. கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் 2017-ல் எட்டுப் பெரிய ஏஜென்சிகளின் ஒப்பந்தங்களைப் பார்த்து, இந்த மாதிரி விதிகளைத் திருத்த வைத்தது.

"அடிமை ஒப்பந்தம்" என்று சொல்கிறார்களே, அது உண்மையா, மிகைப்படுத்தலா?

கொரியப் பத்திரிகைகளே பயன்படுத்திய சொல் அது. டிவிஎக்ஸ்கியூ வழக்கைத் தெரிந்துகொண்டால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று புரிந்துவிடும்.

2003 கடைசியில் வந்த ஐந்து பேர் குழு அது. கொரியாவிலும் ஜப்பானிலும் உச்சத்தில் இருந்தபோது, 2009 ஜூலை 31 அன்று ஜேஜூங், யூச்சுன், ஜுன்சு என்ற மூன்று பேர் எஸ்எம் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் ஒப்பந்தம் 13 வருடம். கட்டாய ராணுவ சேவைக் காலத்தையும் சேர்த்தால் 15 வருடத்துக்கும் மேல் போகும், நடுவில் விலகினால் கட்ட வேண்டிய நஷ்ட ஈடு கட்டவே முடியாத தொகை, இதுதான் அவர்கள் வாதம். அக்டோபரில் சியோல் நீதிமன்றம் அவர்கள் தனியாகச் செயல்படத் தடை இல்லை என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதே ஆண்டு நியாய வர்த்தக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டு, காலத்தை ஏழு வருடம் என்று வகுத்தது. ஏழாவது வருடம் வந்தால் குழுக்கள் உடைகின்றன என்று ரசிகர்கள் பயப்படுகிறோமே, அந்த ஏழு இங்கிருந்து வந்ததுதான். குழு உடைந்தால் எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஏழு வருட எல்லை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே வர வழியே இருந்திருக்காது.

நீதிமன்றத்தில் ஜெயித்ததோடு கதை முடியவில்லை. மூன்று பேரும் ஜேஒய்ஜே என்ற பெயரில் ஆல்பம் போட்டார்கள், ஸ்டேடியத்தை நிரப்பினார்கள், ஆனால் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். 2013-ல் நியாய வர்த்தக ஆணையம், அவர்கள் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று எஸ்எம்முக்கு உத்தரவு போட்டது. 2015 ஏப்ரலில்தான் ஜுன்சு ஒரு இசை நிகழ்ச்சியில் பாடினார், அதுவும் ஈபிஎஸ் என்ற கல்வி ஒளிபரப்பு அலைவரிசையில். ஆறு வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் பாடிய அந்த மனிதர் மேடையிலேயே கண்கலங்கினார். காரணம் இல்லாமல் கலைஞர்களை ஒதுக்குவதைத் தடுக்க, அதே வருடம் ஒளிபரப்புச் சட்டத்தில் ஒரு திருத்தமும் வந்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் ஜேஒய்ஜே சட்டம்.

ஐடல்கள், அதாவது கே-பாப் குழு நட்சத்திரங்கள், எல்லோரும் கோடீஸ்வரர்கள்தானே?

இல்லை. முதலில் கம்பெனி போட்ட செலவு திரும்பி வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பங்கு. பாட்டு வீடியோ, உடை, தங்கும் வீடு, மேலாளர் சம்பளம், ஜப்பான் பயணம் எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும். எது எவ்வளவு என்று பார்க்கும் வாய்ப்பு பல பேருக்கு இருப்பதில்லை.

லூனா குழுவின் சூ விஷயத்தில் வெளியான விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானத்தில் கம்பெனிக்கு 70, அவருக்கு 30. ஆனால் செலவில் ஆளுக்குப் பாதி. புரியும்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 100 ரூபாய் வருமானம், 70 ரூபாய் செலவு என்று வையுங்கள். கம்பெனிக்கு 70 வரும், செலவில் பாதியாக 35 போகும், மிச்சம் 35. பாட்டுப் பாடிய பெண்ணுக்கு 30 வரும், 35 போகும், மிச்சம் 5 ரூபாய் கடன். மொத்த லாபமே 30 ரூபாய்தான், ஆனால் கம்பெனி கையில் 35, அவர் தலையில் கடன்! விளம்பரம், டிவி என்று எங்கே திரும்பினாலும் அவர் முகம் தெரிந்த சமயத்தில் இதுதான் நிலைமை. 2022 நவம்பரில் கம்பெனி அவரைக் குழுவிலிருந்து நீக்கியது, 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வருடம் குழுவின் மற்ற பெண்களும் படிப்படியாக வெளியே வந்துவிட்டார்கள்.

பெரிய பெயர் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் சொல்ல முடியாது. லீ சியுங்-கி ஐடல் குழுவைச் சேர்ந்தவர் இல்லை, பாடகர், நடிகர், கொரியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். 18 வருடத்தில் 137 பாட்டுப் பாடியும், பாட்டு விற்பனையிலிருந்து தனக்குப் பணம் வரவில்லை என்று 2022-ல்தான் வெளியே தெரிந்தது. பிரச்சினை வெடித்ததும் கம்பெனி ஒரு தொகையை அனுப்பியது. அவர் அதிலிருந்து 200 கோடி வோனை சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்கு வழக்கை நடத்தினார். அவரே இத்தனை வருடம் கணக்குப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறார் என்றால், 16 வயதுப் பிள்ளை கம்பெனியிடம் போய்க் கணக்கைக் காட்டு என்று எப்படிக் கேட்கும்?

இவ்வளவு சின்ன வயதில் டெபியூ ஆகிறார்களே, சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. 2014-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 15 வயதுக்குக் குறைந்தவர்கள் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேலும், அதற்கு மேற்பட்ட சிறார்கள் 40 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக் கூடாது, இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை கூடாது. சம்மதம் வாங்கினால் சில விலக்குகள் உண்டு, அந்த விலக்குதான் ஓட்டை. பயிற்சி நேரம் வேலை நேரமா என்ற கேள்வி வேறு.

2018-ல் தி ஈஸ்ட் லைட் என்ற சிறுவர் இசைக்குழுவில் இருந்த சகோதரர்கள் இருவர், தயாரிப்பாளர் தங்களைப் பல வருடமாக அடித்து வந்தார் என்று வெளியே வந்து சொன்னார்கள். அந்தத் தயாரிப்பாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. குழு கலைந்தது. அந்தப் பையன்கள் வாய் திறந்திருக்காவிட்டால் நாம் அவர்கள் வீடியோவுக்கு ஹார்ட் போட்டுக்கொண்டே இருந்திருப்போம்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று 2025 மார்ச்சில் நடந்தது. எம்பிஎன் அலைவரிசையில் 15 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை மட்டும் வைத்து ஒரு போட்டி நிகழ்ச்சி தொடங்கப் போவதாக அறிவித்தார்கள். 59 சிறுமிகள், அதில் 8 வயதுக் குழந்தைகளும் உண்டு. முகத்தில் மேக்கப், பெரியவர்கள் போடும் மாதிரி உடை, அறிமுகப் படத்தின் கீழே கடையில் சோப்பு டப்பாவில் இருக்குமே, அந்த பார்கோடு. குழந்தையின் படத்துக்குக் கீழே பார்கோடு! பெண்கள் அமைப்புகளும் பெற்றோரும் ரசிகர்களும் சேர்ந்து எதிர்த்ததும், ஒளிபரப்பு தொடங்கும் முன்பே அலைவரிசை பின்வாங்கியது. பார்கோடு மாணவர் அடையாள அட்டையை மனதில் வைத்துப் போட்டது என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் அது அடையாள அட்டையாகத் தெரியவில்லை.

டயட் பற்றி வரும் செய்திகள்?

பெரும்பாலும் உண்மை. ஒரு ஆப்பிள், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு புரோட்டீன் பானம் என்று ஒரு பாடகியின் பெயரில் சுற்றும் டயட்டை இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் செய்து பார்த்து வீடியோ போடுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். ஓ மை கேர்ள் குழுவின் ஜின்-யி உணவுக் கோளாறு காரணமாக 2016 ஆகஸ்டில் ஓய்வு எடுத்தார், 2017 அக்டோபரில் குழுவை விட்டே போய்விட்டார். இந்தத் தலைப்பில் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

அவர்கள் காதலித்தால் ரசிகர்களுக்கு என்ன வந்தது?

ஒன்றும் வரவில்லை. ஆனால் "இவர் உங்களுக்காகவே இருக்கிறார்" என்ற நினைப்பைக் கம்பெனி காசுக்கு விற்கிறது. மாதக் கட்டணம் கட்டினால் ஐடல் உங்களுக்கே மெசேஜ் அனுப்புவது போல் வரும் ஆப்கள் இருக்கின்றன. அதை வாங்கியவர்களில் சிலர், வாங்கியது பாட்டை இல்லை, ஆளையே என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் ஏஸ்பா குழுவின் கரீனாவும் நடிகர் லீ ஜே-வூக்கும் பழகுகிறார்கள் என்று செய்தி வந்தது. எஸ்எம் கட்டிடத்துக்கு முன்னால் மின்பலகை வைத்த லாரி ஒன்று வந்து நின்றது. ரசிகர்கள் கொடுக்கும் அன்பு உனக்குப் போதவில்லையா, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் ஆல்பம் விற்காது, அரங்கம் காலியாக இருக்கும் என்று அதில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 5 அன்று கரீனா கையால் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அப்போது அவருக்கு 23 வயது. ஏப்ரல் தொடக்கத்தில் இருவரும் பிரிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஒரு பெண் ஒருவரோடு பழகியதற்காக ஊருக்கு மன்னிப்புக் கேட்ட அந்தக் கடிதத்தைப் பார்த்தபோது, ஒரு ரசிகையாக எனக்கு வெட்கமாக இருந்தது. 2018-ல் பாடகர்கள் ஹ்யூனாவும் இடானும் தாங்கள் காதலிப்பதை மறைக்காமல் சொன்னதற்குக் கம்பெனியே அவர்களை வெளியேற்றப் போவதாக அறிவித்ததும் இதே உலகத்தில்தான்.

சசேங் என்று அழைக்கப்படும் ஒரு கூட்டம் இன்னும் ஒரு படி மேலே போகும். விமான டிக்கெட் விவரத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பக்கத்து இருக்கையில் உட்காருவது, வீட்டு வாசலில் காத்திருப்பது எல்லாம் செய்வார்கள். அது அன்பு கிடையாது, குற்றம்.

தற்கொலைகள் ஏன் நடக்கின்றன?

ஒரு உயிர் போனதற்கு ஒரே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, அப்படிச் சொல்வதும் சரியில்லை. ஷைனி குழுவின் ஜோங்ஹ்யூன் 2017 டிசம்பரில், எஃப்எக்ஸ் குழுவில் இருந்த சுல்லி 2019 அக்டோபரில், அவருடைய தோழி, காரா குழுவில் இருந்த கூ ஹாரா அடுத்த மாதமே. மூவருமே 30 வயதைத் தொடவில்லை. ஜோங்ஹ்யூன் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். சுல்லி உள்ளாடை அணியாமல் இருப்பது தன் விருப்பம் என்று சொன்னதற்காக வருடக்கணக்கில் திட்டு வாங்கியவர். தன்னைப் பற்றி எழுதப்பட்ட கேவலமான கமெண்டுகளைத் தானே வாசித்துப் பேசும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பங்கேற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் மரணம் நடந்தது. அதற்குப் பிறகு டாம் என்ற கொரிய இணையதளம் 2019 அக்டோபர் 31 அன்று பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கமெண்ட் பகுதியை மூடியது. நேவர் என்ற இன்னொரு தளம் 2020 மார்ச்சில் மூடியது. மூடியதும் அந்த ஆட்கள் யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நகர்ந்துவிட்டார்கள்.

கூ ஹாராவை முன்னாள் காதலன் அந்தரங்க வீடியோவை வைத்து மிரட்டினான். முதல் தீர்ப்பில் அவன் சிறைக்குப் போகவில்லை, ஹாரா இறந்த பிறகு 2020 ஜூலையில் மேல்முறையீட்டில்தான் ஒரு வருடச் சிறை கிடைத்தது. அவர் சின்ன வயதில் இருந்தபோதே விட்டுவிட்டுப் போன தாய், மகள் சொத்தில் பங்கு கேட்டு வந்தார். அண்ணன் விடாமல் போராடினார். பிள்ளையை வளர்க்காமல் கைவிட்ட பெற்றோருக்குச் சொத்துரிமை கிடைக்காமல் செய்ய வழிவகுக்கும் சட்டம் 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதைக் கூ ஹாரா சட்டம் என்றுதான் அழைக்கிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ மனசு தாங்கவில்லை என்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணில் பேசுங்கள். இரண்டும் அரசு நடத்தும் இலவச உதவி எண்கள்.

பர்னிங் சன் என்பது என்ன வழக்கு?

சியோலின் கங்னம் பகுதியில் இருந்த ஒரு இரவு விடுதியின் பெயர் அது. பிக்பேங் குழுவின் சியுங்ரி அதில் இயக்குநராக இருந்தார். 2018 நவம்பரில் அங்கே நடந்த அடிதடியில் தொடங்கிய விசாரணை, போதை மருந்து, போலீஸ் தொடர்பு, பெண்களை விருந்தாக அனுப்புவது என்று விரிந்துகொண்டே போனது. பாடகர் ஜங் ஜூன்-யங் பெண்களைத் தெரியாமல் படம் பிடித்து நண்பர்களின் சாட் குழுவில் பகிர்ந்தது அம்பலமானது. கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கில் அவருக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகு 5 வருடச் சிறை. சியுங்ரிக்கு முதலில் 3 வருடம், 2022 தொடக்கத்தில் அது ஒன்றரை வருடமாகக் குறைந்தது.

அந்த சாட்டில் அவர்கள் சொன்ன போலீஸ் அதிகாரி யார் என்று பத்திரிகையாளர் காங் க்யூங்-யூன் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தானாகவே போன் செய்து உதவியவர் கூ ஹாரா என்பது, 2024-ல் பிபிசி ஆவணப்படத்தில் அந்தப் பத்திரிகையாளர் சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். தானே மிரட்டலில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், முகம் தெரியாத மற்றப் பெண்களுக்காகச் செய்தது அது. ரசிகர்கள் ஹாராவை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பொய் வீடியோ போடும் யூடியூபர்கள் மேல் எதுவும் செய்ய முடியாதா?

முன்பெல்லாம் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது, தகவல் எல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளிடம் இருக்கும். ஐவ் குழுவின் ஜாங் வொன்-யங் தரப்பு அமெரிக்க நீதிமன்றம் வரை போய், பொய்ச் செய்தி வீடியோக்களால் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு சேனல்காரரின் விவரத்தை வாங்கியது. 2025 ஜனவரியில் இன்ச்சான் நீதிமன்றம் அந்தச் சேனல்காரருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட 2 வருடச் சிறைத் தண்டனையும், சம்பாதித்ததில் 21 கோடி வோனைப் பறிமுதல் செய்யும் உத்தரவும் கொடுத்தது. மற்றவர்களுக்கும் இப்போது அது ஒரு வழி காட்டியிருக்கிறது.

டீப்ஃபேக் அதைவிட மோசம். 2024-ல் டெலிகிராம் குழுக்களில் பள்ளி மாணவிகளின் முகத்தை வைத்துக்கூட ஆபாசப் படங்கள் போலியாக உருவாக்கிப் பகிரப்பட்டது வெளியே வந்த பிறகு, அந்த செப்டம்பரில் அப்படிப்பட்ட வீடியோவை வைத்திருப்பதும் பார்ப்பதும்கூடக் குற்றம் என்று கொரியா சட்டம் கொண்டுவந்தது. பாடகிகள் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பிரபலம் என்றால் இதெல்லாம் சகஜம்" என்று விட்டதன் விளைவு, கடைசியில் வகுப்பறை வரை வந்துவிட்டது.

நியூஜீன்ஸ் விவகாரத்தில் யார் பக்கம் நியாயம்?

பணமும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட சண்டை அது, ஹைப் நிறுவனமும், அதன் கிளைக் கம்பெனியான ஆடோரை அப்போது நடத்திய மின் ஹீ-ஜின்னும் 2024 ஏப்ரலில் வெளிப்படையாக மோதத் தொடங்கினார்கள். நியூஜீன்ஸ் குழுவின் ஐந்து பெண்களும் 2024 நவம்பரில் தங்கள் கம்பெனியான ஆடோருடன் ஒப்பந்தம் முறிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 2025 அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன் ஃபிஃப்டி ஃபிஃப்டி வழக்கிலும் 2023-ல் நீதிமன்றம் கம்பெனி பக்கம்தான் நின்றது. ஆக, வழக்குப் போட்டாலே ஐடல் ஜெயித்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். கணக்குக் காட்டாதது, அடித்தது போன்ற தெளிவான ஆதாரம் வேண்டும்.

யார் பக்கம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்த ஒன்று. 2024 அக்டோபர் 15 அன்று அந்தக் குழுவின் ஹன்னி கொரிய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த, வியட்நாம் பூர்வீகம் கொண்ட பெண். ஹைப் கட்டிடத்தின் நடைபாதையில் இன்னொரு குழுவின் மேலாளர், தன் குழுப் பிள்ளைகளிடம் ஹன்னியைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று அவர் காதில் விழும்படி சொன்னார் என்பது புகார். பணியிடத் துன்புறுத்தல் சட்டம் அவருக்குப் பொருந்துமா என்று தொழிலாளர் அமைச்சகம் பார்த்தது. நவம்பரில் வந்த பதில்: ஐடல் சட்டப்படி தொழிலாளர் இல்லை, அதனால் பொருந்தாது.

அதாவது அந்தக் கட்டிடத்தைச் சுத்தம் செய்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு, அந்தக் கட்டிடத்துக்கே பணம் கொண்டுவரும் பெண்ணுக்கு இல்லை. குறைந்தபட்சச் சம்பளம், வேலை நேர உச்சவரம்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சம்பவம் நடந்ததா இல்லையா என்ற சண்டையில் ரசிகர்கள் மாதக்கணக்காக மூழ்கிவிட்டோம். எல்லா ஐடல்களையும் பாதிக்கிற அந்த ஒரு வரித் தீர்மானத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ரசிகர்கள் போடும் ஓட்டு உண்மையிலேயே எண்ணப்படுகிறதா?

பார்வையாளர் ஓட்டில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நிகழ்ச்சியான எம்நெட் அலைவரிசையின் புரொடியூஸ் எக்ஸ் 101 இறுதிச் சுற்று 2019 ஜூலையில் முடிந்ததும், ரசிகர்கள் உட்கார்ந்து எண்களைப் பார்த்தார்கள். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 29,978 ஓட்டு. இன்னொரு ஜோடி இடங்களுக்கு நடுவிலும் அதே 29,978. மறுபடியும் அதே எண். லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டால் இப்படி வரவே வராது. வழக்கு நடந்தது, முதன்மைத் தயாரிப்பாளருக்கு 2 வருடச் சிறை கிடைத்தது, வென்ற எக்ஸ்1 குழு சில மாதங்களிலேயே, 2020 ஜனவரியில் கலைந்தது. ரசிகர்களின் கணக்குப் புத்தி இவ்வளவு பெரிய மோசடியை வெளியே கொண்டுவந்தது எனக்குப் பெருமைதான். ஆனால் ஓட்டு திருடப்பட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கவில்லை.

ஒரே ஆல்பத்தை ஏன் பத்து இருபது என்று வாங்குகிறார்கள்?

உள்ளே இருக்கும் போட்டோ கார்டுக்காக, அப்புறம் ஃபேன்சைன் (ஐடல்களை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கும் நிகழ்ச்சி) குலுக்கலுக்காக. எத்தனை ஆல்பம் வாங்குகிறோமோ அத்தனை சீட்டு. முதல் வார விற்பனை எண் குழுவின் மானப் பிரச்சினையாகிவிட்டதால் கூட்டுச் சேர்ந்தும் வாங்குவார்கள். 2024 வசந்த காலத்தில் டோக்கியோவின் ஷிபுயாவில் செவன்டீன் குழுவின் புத்தம் புது ஆல்பங்கள் பெட்டி பெட்டியாகத் தெருவில் கிடந்த படம் பரவியது. கார்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பதின்மூன்று பேர் உழைத்த பாட்டு தெருவோரக் குப்பையாகக் கிடந்தது.

கொரியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கணக்குப்படி ஆல்பங்களுக்குச் செலவான பிளாஸ்டிக் 2017-ல் 55.8 டன், 2022-ல் 801.5 டன். இதை எதிர்த்துத் தொடங்கிய கே-பாப் ஃபார் பிளானட் இயக்கத்தை 2021-ல் நடத்த ஆரம்பித்தவர்கள் கொரியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்த இளம் ரசிகைகள். ஒரே ஒரு ஆல்பம் வாங்குங்கள், போதும். பாட்டை ஸ்ட்ரீம் பண்ணுங்கள்.

நிறவெறி, மதத்தை அவமதிப்பது என்று அடிக்கடி சர்ச்சை வருகிறதே?

2020 ஜூனில் வந்த பிளாக்பிங்கின் ஒரு வீடியோவில், லிசா அமர்ந்திருக்கும் காட்சியில் பிள்ளையார் சிலை தரையில் அலங்காரப் பொருளாக வைக்கப்பட்டிருந்தது. இந்திய ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாளில் குழுவின் கம்பெனியான ஒய்ஜி அந்தச் சிலையை வீடியோவிலிருந்து எடுத்துவிட்டது. 2017-ல் மாமாமூ குழு முகத்தில் கறுப்புப் பூசி நடித்து மன்னிப்புக் கேட்டது. கறுப்பின அமெரிக்கர்களின் இசையை எடுத்து வளர்ந்த ஒரு துறைக்கு, அந்த மக்களைப் பற்றிய படிப்பு பயிற்சி அறையில் சொல்லித் தரப்படவில்லை. உலகம் முழுக்க விற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

நாட்டு அரசியலும் பிள்ளைகள் தலையில்தான் விடியும். ட்வைஸ் குழுவில் இருக்கும், தைவானைச் சேர்ந்த ட்ஸுயூ ஒரு நிகழ்ச்சியில் தைவான் கொடியைப் பிடித்ததற்குச் சீனாவில் எதிர்ப்பு கிளம்ப, 2016 ஜனவரியில் கறுப்பு உடை போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்து மன்னிப்பு வாசித்த வீடியோ இப்போதும் கிடைக்கும். அப்போது வயது 16.

தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், சொல்வதற்குப் பயம். ஜஸ்ட் பி குழுவின் பெயின் 2025 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில் தன்னைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்பே ஹாலண்ட் 2018-ல் எந்தப் பெரிய கம்பெனியும் இல்லாமல் தனியாக வந்து சொல்லியிருந்தார். இருவருமே துணிச்சல்காரர்கள்.

இதெல்லாம் தெரிந்தும் கேட்கலாமா?

நான் கேட்கிறேன். அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அந்தப் பிள்ளைகளுடையது, அதைக் கேட்காமல் விட்டால் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான். அதே சமயம் கம்பெனிக்காக வாதாடுவதை நிறுத்திவிட்டேன். ஒரு ஐடல் கணக்குக் கேட்டு வழக்குப் போட்டால், குழுவை உடைக்கிறாரே என்று திட்டாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

என் மகள் கொரியாவுக்குப் போய் ஐடல் ஆக வேண்டும் என்கிறாள். என்ன செய்வது?

முதலில் கேலி செய்யாமல் உட்கார்ந்து பேசுங்கள். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மூன்று சிறுமிகள், பிடிஎஸ் குழுவைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். கையில் 14,000 ரூபாய், விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினால் கொரியா வந்துவிடும் என்ற திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் போலீஸ் பார்த்துக் காப்பாற்றியது. நல்லவேளை. வீட்டில் பேச ஆள் இருந்திருந்தால் காட்பாடி வரை போயிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சமயத்தில் பிடிஎஸ் ஏழு பேருமே கட்டாய ராணுவ சேவையில் இருந்தார்கள் என்பதுகூட அந்தக் குழந்தைகளின் கணக்கில் இல்லை.

இந்தியாவிலிருந்து யாரும் போனதே இல்லை என்றும் சொல்லாதீர்கள். ஒடிசாவின் ஸ்ரியா லெங்கா 2022-ல் பிளாக்ஸ்வான் குழுவில் சேர்ந்தார். ஆசை நிஜமாக இருந்தால் இங்கேயே நடனமும் குரலும் கொரிய மொழியும் கற்கட்டும், பள்ளிப் படிப்பு நிற்க வேண்டாம். பெரிய கம்பெனிகளின் ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே பணம் கேட்டாலே அது மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் ஏஜென்சி நடத்த அரசுப் பதிவு கட்டாயம், பதிவு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தால் கொரியச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். எத்தனை வருடம், எந்தச் செலவு யார் கணக்கில் ஏறும், வருமானக் கணக்கு எப்போது காட்டுவார்கள், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் தயங்கினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.